தாலாவுக்கு எட்டு அர்த்தம்

"அரசாங்கப் பேர்ப் பட்டியல்ல இல்லம்மா," என்றார் பதிவு எழுத்தர் பெல்காசிம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "தாலான்னு ஒரு பேரே இந்த நாட்ல கிடையாது."

ஜெஜிகா கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பக்கத்தில் ஆவணக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் கணவன் அரெஸ்கி.

"நம்ம கபிலி மொழியில தாலான்னா ஊற்று, அண்ணே. உங்க வீட்டுக் குழாய்த் தண்ணியே அதுலேருந்துதான் வருது."

"ஊற்று எங்கிட்ட வந்து பிறப்புச் சான்று கேட்டுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு எரிந்தது. கல்யாணத் தேதி, குடியிருக்கும் வீடு, ஜன்னல் திரையின் நிறம்வரை எல்லாம் மற்றவர்கள் முடிவு செய்தது. பெற்ற பெண்ணின் பெயர் ஒன்றுதான் அவளுடையது. வியாழன் மாலையோடு பெயர் பதியும் கெடு முடிகிறது. தவறினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். இன்று திங்கள்.

"அகராதியக் கொண்டாந்து காட்டு," என்று காதோரம் சொன்னான் அரெஸ்கி. "படிச்சவ நீ. ஆதாரத்தோட பேசு."

அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஆதாரம் காட்டினால் உலகம் வழிவிடும் என்று நம்பித் தொலைத்தவள். மறுநாள் அகராதியோடு நின்றாள்.

பெல்காசிம் அதைத் திறக்கவேயில்லை. கைபேசியில் டி, ஏ, எல், ஏ என்று நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார்.

"இந்தா பாரு. பாரசீகத்துல தங்கம். பிலிப்பைன்ஸ்ல நட்சத்திரம். சமோவாத் தீவுல காசுக்கே இதான் பேரு. ஸ்வீடன்காரனுக்குப் பேசுறதுன்னு அர்த்தமாம். பொம்பளப் புள்ளைக்குப் பேசச் சொல்லி வேற குடுக்கணுமா?"

"எழுத்துதான் ஒண்ணு. சொல்லெல்லாம் வேற வேற. ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்ல, அண்ணே!"

"அப்ப உன் பொண்ணு அஞ்சு நாட்டுக்காரி. விளக்கக் கடிதம் வேணும்."

"உன் காலேஜ் பேராசிரியர்கிட்ட வாங்கிடுவோம்," என்றான் அரெஸ்கி உடனே. "பெரிய மனுஷன் எழுத்துக்கு மதிப்பு உண்டு."

புதனன்று குழந்தையோடு இரண்டு மணி நேரப் பேருந்து. பேராசிரியர் உற்சாகம் தாங்காமல் நான்கு பக்கம் எழுதி, போனால் போகிறதென்று இன்னும் மூன்று மொழிகளைச் சேர்த்துக் கொடுத்தார்.

வியாழன் காலை பெல்காசிம் விரல்விட்டு எண்ணினார். "மொத்தம் எட்டு அர்த்தம். ஊற்று போக மிச்சம் ஏழு. அந்த ஏழு அர்த்தத்துல புள்ளையக் கூப்பிட மாட்டேன்னு ஏழு உறுதிமொழி எழுதிக் குடு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ரெண்டு சாட்சி."

ஜெஜிகா எழுதினாள். வாசல் படியில் உட்கார்ந்து, மடியில் குழந்தை அலற, தன் மகளை எக்காலத்திலும் சமோவா நாட்டுக் காசாகக் கருதமாட்டேன் என்று கையெழுத்திட்டாள்.

"சாட்சிங்கள நான் கூட்டியாறேன்," என்று போனான் அரெஸ்கி. மூன்றரைக்குத் திரும்பினான். காபிக் கடையில் டோமினோக் கட்டை ஆட்டம் ஆடும் கூட்டாளிகள் ஒன்பது பேர் பின்னால் வந்தார்கள். ஆறு பேரிடம் அடையாள அட்டை இல்லை. ஒருவன் ஸ்வீடனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நம்பி வந்திருந்தான்.

நாலரைக்கு ஜன்னல் மூடியது.

ஜெஜிகா தாழ்வாரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏழு உறுதிமொழியும் காலடியில் சிதறின.

"விடு, ஜெஜி," அரெஸ்கி அவள் தலையைத் தடவினான். "நம்மால ஆனதெல்லாம் பண்ணியாச்சு. நமக்குக் குடுத்து வைக்கல. வேற பேரு ஒண்ணு பாத்துக்கலாம்."

அவன் கண்கூடக் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் அவன்தான் என்று தோன்ற, அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

தரை துடைத்துக்கொண்டே வந்த தஸாதித் அக்கா துடைப்பத்தை நிறுத்தினாள். குனிந்து குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"எதுக்குடி தங்கச்சி அழுவுற? புள்ள பொறந்த மூணாம் நாளே உம் புருஷன் வந்து, அவங்கம்மா பேரையே புள்ளைக்கு வச்சு, பெல்காசிம் கையாலயே பதிஞ்சிட்டு, ஆபீசு முழுக்க இனிப்புக் குடுத்துட்டுப் போனானே!"