எங்கள் ஊரில் புலி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊரிலிருந்து, மூன்று அறை உள்ள சின்ன விடுதியில் துணி துவைக்கும் பெண் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பத்திரிகையில் எங்கள் ஊரைப் பற்றி எழுதிய ஐயா நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததை, அவருடைய கட்டுரை வந்ததிலிருந்து தெரிந்துகொண்டோம்.

அந்தக் கட்டுரையில் நான்கு தவறுகள் இருக்கின்றன. நான்கும் அவர் செய்ததல்ல. நான் செய்தது.

எனக்கு வெளி ஆட்கள் முன்னால் வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்லச் சத்தம் எழும்பாது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதி எழுதி, எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பெயரையே எடுத்துவிட்டார்கள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வதற்கும் வாய் வேண்டுமே, அதனால் மறுநாளிலிருந்து நிஜமாகவே போகவில்லை. பிறகு அத்தை தன் விடுதிக்குக் கூட்டிவந்துவிட்டார். படுக்கை விரிப்பு யாரையும் பேசச் சொல்லாது. வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் பூம்பூம் மாடு மாதிரி ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். இல்லை என்று ஆட்டினால் ஏன் என்று கேட்பார்கள், ஆமாம் என்று ஆட்டினால் போய்விடுவார்கள். இது என் அனுபவம்.

ஐயா வந்த அன்று ஊரே மூடுபனி. அத்தை கடைக்குப் போயிருந்தார், மாமா சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் படுத்திருந்தார், நான் ஈர விரிப்புகளை வைத்துக்கொண்டு வெயிலுக்காக நின்றிருந்தேன். அவர் நோட்டைத் திறந்து, வருஷம் முழுக்க இப்படித்தான் மூடியிருக்குமா என்று கேட்டார். ஆட்டினேன். கடலில் இறங்கினால் ஆபத்தா என்றார். அதற்கும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து மாமா குறட்டை விட்டார். மாமாவின் குறட்டை மற்றவர்களுடையது போல் இருக்காது, முதலில் நீளமாக இழுத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் அடிவயிற்றிலிருந்து உறுமும். ஐயா பேனாவை நிறுத்தி, மலைப் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “புலியா?” என்றார். மாமா தூங்குகிறார் என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். இரண்டும் வரவில்லை. தலை ஆடிவிட்டது.

அவர் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். பஸ் கண்ணை விட்டு மறைந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மூட்டம் கலைந்தது. வாசல் பக்கம் கடல், அலசிப் பிழிந்து விரித்துப்போட்ட மாதிரி. பின்பக்கம் மலை, ஜன்னலைத் திறந்தால் உள்ளேயே வந்துவிடும் போல. இதைப் பார்க்கத்தானே அவர் வந்தார் என்று கையில் விரிப்போடு சாலை வரைக்கும் ஓடினேன். ஓடி என்ன, கூப்பிடத் தெரிய வேண்டுமே.

கட்டுரையை அத்தைதான் சத்தமாக வாசித்தார். கடல் இந்த ஊரில் கண்ணுக்குத் தெரிவதில்லை, காதுக்குத்தான் கேட்கிறது என்றும், இறங்கினால் உயிருக்கு ஆபத்து என்றும், பட்டப்பகலில் விடுதிக்குப் பின்னாலேயே புலி உறுமுகிறது என்றும், இதைத் தெரிவித்தவர் வாய் பேச இயலாத ஒரு பணிப்பெண் என்றும் இருந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே, முதல் அறைக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் போனில் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வரவில்லை என்றார்கள். பிறகு இரண்டாவது அறை, மூன்றாவது அறை. மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார். இப்போது மதியம் படுப்பதுகூட இல்லை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை அகல விரித்துக்கொண்டிருக்கிறார். இருபது நாளாக எந்த அறையிலும் ஆள் இல்லை. துவைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் துவைத்ததையே துவைக்கிறேன். மாதக் கடைசி வரை யாரும் வராவிட்டால் விடுதியை மூடிவிட்டு, நகரத்தில் ஏதாவது ஆஸ்பத்திரியில் சலவை வேலைக்குப் போகலாம் என்று அத்தையும் மாமாவும் பேசிக்கொள்கிறார்கள். அத்தை என்னைத் திட்டவில்லை. “என்கிட்ட கேட்டிருந்தா உங்க மாமாதான்னு நானே சொல்லியிருப்பேன்” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

ஆகவே தயவுசெய்து ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். மூட்டம் வருஷத்தில் பதினைந்து நாள்தான். கடல் இடுப்பளவுவரை சாது. புலி இல்லை, இருப்பது மாமா. நானும் ஊமை இல்லை. இனி யார் எதைக் கேட்டாலும் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

தங்கள் பத்திரிகை பல்லாண்டு நடக்கவும், கட்டுரையாளர் ஐயாவுக்குப் போகிற ஊரிலெல்லாம் பேசத் தெரிந்தவர்களே எதிர்ப்படவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலையாட்டியவள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. மொத்தம் எட்டுப் பேர், கழுத்தில் தொலைநோக்கி. தங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தார்களாம், மூன்று அறையும் ஒரு வாரத்துக்கு வேண்டுமாம். அத்தை சாவி எடுக்க உள்ளே ஓடினார். அதற்குள் அவர்களில் ஒரு அம்மா என்னிடம், “புலி எத்தனை மணிக்கும்மா வரும்?” என்று கேட்டார். எனக்கு வாய் திறந்தது. “புலி இல்லீங்க, அது எங்க மாமா” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அத்தை சாவியோடு வெளியே வந்தபோது புழுதிதான் இருந்தது. “இத்தனை வருஷமா திறக்காத வாய்” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உள்ளே போய் மாமாவை நாற்காலியிலிருந்து எழுப்பிப் படுக்கச் சொன்னார். எனவே ஐயா, மேலே எழுதியதில் ஒரு வரிகூட அச்சிட வேண்டாம். இனி யாராவது வந்தால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். புலி இருக்கட்டும்.