தொட்டியில் நட்ட செடி

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். 'சும்மா இருங்க' என்று பெண்டாட்டி சொன்னால், எதையாவது செய்துகாட்டக் கை பரபரக்கும். எனக்கு அது முற்றியிருந்தது. பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் செடிதான் சாட்சி.

அம்மா ஜவ்வாது மலையடிவாரத்துப் பெண். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்யாணம். சீரோடு ஒரு மாங்கிளைத் துண்டும் ஆரணிக்கு வந்தது. அதில் ஒட்டியிருந்தது ஓர் ஆர்க்கிட் செடி (பெயரும், அது மண் வேண்டாத செடி என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டது). அவள் அப்பா மரமேறி எடுத்துக் கொடுத்தது. அந்த வருஷமே அவர் போய்விட்டார். அவர் கையால் கொடுத்ததென்று அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

தலைப்பிரசவத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "காத்தால கொஞ்சம் தண்ணி தெளிங்க. வேற ஒண்ணுமே செய்யாதீங்க."

நான் சும்மா இருப்பேனா? வேரெல்லாம் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. மாமனார் வீட்டுச் செடி என் வீட்டில் பட்டினி கிடப்பதா! தொட்டியில் மண் நிரப்பி, சாண எரு போட்டு நட்டேன். தறியிலிருந்து எழும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினேன். பாவு நூலுக்குப் போட்டது போக மிஞ்சிய கஞ்சியையும் ஊற்றினேன் (நூலே அதைக் குடித்து விறைப்பாகிறதே!).

இலை மஞ்சளானது. நாற்றம் வந்தது. பிடுங்கினால் வேரில் பாதி கூழ்.

அன்றே கடிதம்: மறுவாரம் குழந்தையோடு வருகிறாள். மிஞ்சிய வேர்களைக் கழுவி, செடியைக் கழிவுப் பட்டு நூலால் பழைய கிளையில் கட்டினேன். வெயில் படாத இடமென்று எதிர்வீட்டுச் சாயக்கார அண்ணன் கொட்டகையில் மாட்டினேன். மேலே மூங்கிலில் சாயம் தோய்த்த பட்டு நூல் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. சில நாளில் வெள்ளை வேரெல்லாம் கூரைப்புடவைபோல அரக்குச் சிவப்பு!

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாபா, செடிக்கு கண்ணாலமா? ஜல்தியா தாலிய கட்டு!"

அம்மா வந்தே விட்டாள். எதிர்வீட்டு அண்ணி சிவப்பாகக் கரைத்த ஆலத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் கண், நான் கொட்டகையிலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்த செடியைப் பிடித்தது.

"வேரு ஏங்க செவப்பா கீது?"

வாயில் வந்தது இதுதான்: "அதுக்கும் ஆலம் சுத்தினோம். கொஞ்சம் கொட்டிடுச்சி."

அண்ணன் எதிர்வீட்டிலிருந்து தொட்டி, எரு, கஞ்சி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிவிட்டார் (தெருவுக்கே சேதி போனது). அம்மாவின் கண் கலங்கியது. செடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். இலையிடுக்கில் பச்சையாக, அரிசி முனை அளவுக்கு ஒரு புது வேர்.

"உசுரு கீதுங்க," என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பச்சை உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும், அவள் அப்பாவின் செடியை அழுக வைத்த இதே கையில் பெரியவளே, உன்னைக் கொடுத்தாள். அந்த நிமிஷத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் சொன்னாள்:

"இந்தாங்க. இவள தொட்டியில நட்டு எரு போட்டுடாதீங்க."

செடி மறுவருஷக் கோடையில் பூத்தது. நீங்கள் ஒவ்வொருவராகப் பிறந்தபோதும் எனக்கு அதே எச்சரிக்கைதான். போன மாதம் பேரனைக் கையில் வாங்கப் போனேன். பெரியவள் பிரசவக் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்:

"அம்மா, அப்பா பையில எரு கிரு கீதான்னு பாத்தியா?"