பழைய கணினியின் பொறுப்பு ஒப்படைப்பு விழா

உலக வரலாற்றில் எத்தனையோ அரியணைகள் கைமாறியிருக்கின்றன. ஒரு சொட்டு ரத்தமோ, ஒரு சொட்டுத் தேநீரோ சிந்தாமல் கைமாறியது ஒன்றே ஒன்றுதான். நடு ஜாவாவில், கரங்சாரி வட்ட அலுவலகத்தில், பழைய கணினியிடமிருந்து புதிய கணினி பொறுப்பேற்ற நிகழ்ச்சியே அது.

உண்மையில் அது ஒரு முற்பகல் வேலை. நிங்ருமுக்கு அது தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஊழியர். இந்தத் தடவையாவது நிரந்தரமாகிவிட மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள், பாவம்.

"ஒரு கம்பி போதும், பாக். கோப்பு, அமைப்பு எல்லாத்தையும் மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்" என்றாள்.

'ஐயா' என்ற மரியாதையில் எல்லோரும் 'பாக்' என்று அழைக்கும் வட்டத் தலைவர் சுதர்மாஜியின் முகம் சுருங்கியது. "என்னம்மா, வீடு காலி பண்ற மாதிரி பேசறே? காவலாளி மாறினாக்கூட முறைப்படி பொறுப்பு ஒப்படைக்கிற ஆபீஸ் இது. இத்தனை வருஷம் உழைச்சதை ஒரு மரியாதை இல்லாம கழட்டிப் போடறதா? விழா நல்லபடியா முடியட்டும். நிரந்தரப் பட்டியலுக்கு நானே பேர் அனுப்பறேன்."

நிங்ருமுக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே குழு அமைக்கப்பட்டது. குழு மூன்று முறை கூடியது. கணினித் திரையில் முன்னாள் தலைவர் ஒரு கெளுத்தி மீனைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கும் படம் இருந்தது. அது கோப்பா, அமைப்பா? இரண்டு மணி நேர 'ஆழ்ந்த' விவாதத்துக்குப் பிறகு, முன்னாள் தலைவர் அமைப்பு என்றும், மீன் கோப்பு என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

விழா நாளில் இரண்டு கணினிகளுக்கும் பாத்திக் துணி போர்த்தினார்கள். துவா ஓதினார்கள். விருந்துக்குக் குவித்த மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் நுனியை வெட்டி, விழா நாயகருக்குத்தானே முதலில் கொடுப்பது வழக்கம்? பாக் சுதர்மாஜி தட்டைப் பழைய கணினியின் முன் வைத்துத் தலை வணங்கினார். அது இரண்டு தரம் கீச்சிட்டது. பலர் கண் கலங்கினார்கள்.

அடுத்து, செயலர் யாத்மி அம்மா கணினியின் ரகசியச் சொல்லை ஒலிபெருக்கியில் எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்படைத்தார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றதும் இன்னொரு முறை வாசித்தார். அதன் ரகசியத்தைக் கட்டிக் காக்கும்படி ஊர்ப் பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

பாக் சுதர்மாஜியின் சொற்பொழிவு முடிவதற்குள் நிங்ரும் துணிக்குப் பின்னால் கம்பியைச் செருகி எல்லாவற்றையும் மாற்றி முடித்துவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

கடைசியாக ஒப்படைப்புப் பத்திரம் வந்தது. 'விலகுபவர்', 'பொறுப்பேற்பவர்' என்று இரண்டு கையெழுத்து வேண்டும்.

"கணினிக்குக் கை ஏது, பாக்?" என்றாள் நிங்ரும்.

"அதுக்குக் கை, வாய் எல்லாம் நீதானேம்மா. பழசுக்காக நீ போடு."

"புதுசுக்கு?"

"என் மைத்துனன் ஹெரு போடட்டும். சாப்பிட்டுட்டுச் சும்மாதானே உட்கார்ந்திருக்கான்."

ஹெரு கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டான். முத்திரை விழுந்தது. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

பத்தே நாளில், பத்திரத்தைப் படித்த மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. விலகிய நிங்ரும் அவர்களின் சேவைக்கு நன்றி. பொறுப்பேற்ற ஹெரு அவர்களுக்கு நிரந்தரப் பணி. நிரந்தரப் பட்டியலுக்குப் பெயர் அனுப்புகிறேன் என்ற வாக்கைப் பாக் சுதர்மாஜி காப்பாற்றிவிட்டார்!

"அது கணினிக்காகப் போட்ட கையெழுத்து, பாக்" என்றாள் நிங்ரும்.

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா முத்திரை விழுந்துடுச்சே. முத்திரையை நான் எப்படி எதிர்த்துப் பேச முடியும்?"

புதிய கணினியின் முன்னால் இருந்த ஹெரு தலையை நீட்டினான். "அக்கா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இதை எங்க அழுத்தினா ஓட ஆரம்பிக்கும்?"

நிங்ரும் பாக் சுதர்மாஜியின் பக்கம் திரும்பினாள். மூலையில் துணி போர்த்தியபடி இருந்த பழையதைக் காட்டினாள். "அப்போ உண்மையிலேயே விலகினது அதுதானே? அதை ஏன் இன்னும் வெளியே அனுப்பலை?"

பாக் சுதர்மாஜி பதறிப்போனார். "அதை எப்படிம்மா அனுப்பறது? பின்னாடி பாரு, அரசாங்கச் சொத்துன்னு எண் எழுதியிருக்கு. தொட்டா எங்களை ஜெயில்ல போட்டுடுவாங்க."

பதினோரு வருஷத்தில் நிங்ருமின் முதுகில் யாரும் ஓர் எண் எழுதியிருக்கவில்லை.