மைத்துனர் சொன்ன உதை

உ
சிவமயம்

புத்தூர்,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை,
மழை கொஞ்சம் விட்ட நேரம்.

அன்பின் மைத்துனர் தவனேசன் அவர்களுக்கு,

அத்தான் பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உமது அக்கா குணலட்சுமியும் ஒரே வீட்டில், வெவ்வேறு பக்கம் பார்த்தபடி, சுகமாக இருக்கிறோம். கனடாவில் நீரும் மனைவி பிள்ளைகளும் ஒரே பக்கம் பார்த்தபடி சுகமாயிருக்க அவரையே வேண்டுகிறேன். கைத்தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர். கைத்தொலைபேசி உமது அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அது என் கையில் இருந்தாலும் எடுக்கமாட்டேன். அதில் நீர் கடைசியாகச் சொன்ன ஒரு சொல்லால் என் வலது கால் பெருவிரல் நகம் போய்விட்டது. எழுத்து என்றால் முழுச் சொல்லும் வந்து சேரும். பக்கத்து வீட்டு அற்புதராணி ரீச்சர் இன்று பின்னேரம் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போக வெளிக்கிடுகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் என்னவென்றால், ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு நீர் வந்து நின்றபோது, நான் பழைய கைப்பம்பை முதுகில் போட்டு, ஒரு கையால் ஆட்டி ஆட்டி வெங்காயத்துக்கு மருந்து அடிப்பதைக் கண்டு மனம் பொறுக்காமல், ரவுன் கடைக்குப் போய் பற்றரியில் வேலை செய்கிற மருந்தடிக்கிற மிசின் ஒன்றை வாங்கி வந்து தந்தீர். நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. அன்றிலிருந்து அது மிசின் அல்ல, உமது அக்காவின் தாய்வீடு. மருந்தடித்து முடிந்ததும் நான் மூன்று தண்ணீர் விட்டு அலசினால் அவள் நான்காவது தண்ணீர் விடுகிறாள். வெயில் படாமல் சீலை போர்த்தி வைக்கிறாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது போர்த்திவிட்டது அதைவிடப் பழைய சீலை. புரட்டாதியில் ஆயுத பூசைக்கு என் மண்வெட்டிக்கும் கத்திக்கும் பேருக்கு ஒரு சொட்டுச் சந்தனம் வைத்தாள். உமது மிசினுக்கு மட்டும் உச்சந்தலையில், மூடியின் நடுவில், குழைத்து அப்பி, அதற்கு மேல் குங்குமம். "தம்பி தந்ததெல்லே," என்றாள். நானும் கும்பிட்டேன். இன்றுவரை அந்தப் பொட்டு அழியாமல்தான் கழுவல் துடையல் எல்லாம்.

ஐப்பசி மழையோடு வெங்காயத்தில் நுனி கருகத் தொடங்கியது. மிசினைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் பாத்தியில் பூமழை. இரண்டாம் பாத்தியில் ஒழுக்கு. மூன்றாம் பாத்தியில் மோட்டர் மட்டும் முனகுகிறது, மருந்து வரவில்லை. இறக்கி வைத்துப் பார்த்தால் தாங்கியின் இரண்டு பக்கமும் பட்டினி கிடந்த கன்றின் வயிறு போல உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. எனக்கும் அதுதான் வந்தது. உள்ளே மருந்து முக்கால்வாசி இருக்கிறது, வடிகட்டியில் கட்டி இல்லை, மருந்து பீச்சுகிற நொசிலைக் கழற்றி ஈர்க்கால் குத்திக் கழுவினேன், குழாயில் கசிவில்லை, பற்றரியில் பச்சை வெளிச்சம். எல்லாம் சரியென்று மூடி முதுகில் ஏற்றினால் திரும்பவும் ஒரு பாத்தி பூமழை, பிறகு முனகல். இப்படி ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பழைய கைப்பம்பில் கை மட்டும் நொந்தது போய் இப்போது முதுகும் முழங்காலும் சேர்ந்து நோகிறது. உமது அக்காவிடம் வாய் திறக்க முடியாது. மிசினில் பிழை சொன்னால் உங்கள் குடும்பத்தில் பிழை சொன்னதாகிவிடும்.

சாவகச்சேரியில் கொலின்ஸ் என்றொருவர் மிசின்கள் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "அண்ணை, உதுக்குள்ளை நஞ்சோ?" என்று கண்டக்டர் சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் இருந்த சனம் எல்லாம் எழும்பிவிட்டது. அந்த பஸ்ஸில் என் ஆயுளில் முதல் தடவையாகக் காலை நீட்டி இருந்து போனேன்; இந்த மிசினால் எனக்குக் கிடைத்த சுகம் அதுதான். கொலின்ஸ் வேதக்காரர், ஆனாலும் மூடியில் பொட்டைக் கண்டதும் பயபக்தியோடு அதைக் கழற்றி உயரத்தில், கைபடாத இடத்தில் வைத்தார். பிறகு தண்ணீர் விட்டு மோட்டரைப் போட்டார். தெருவுக்கு அந்தப்பக்கம் நின்ற ஆட்டோ குளித்தது.

"அண்ணை, மிசினுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களைப் பாத்தால்தான் வருத்தக்காரர் மாதிரிக் கிடக்கு," என்றார். என் முகத்துக்காக ஒரு வாசரை மாற்றி, மூடியைப் பூட்டித் தந்தார். வீட்டுக்குக் கொண்டு வந்தால் பழைய குணம். திரும்பவும் கொண்டு போனேன். திரும்பவும் மூடி உயரத்தில், திரும்பவும் பூமழை. சாவகச்சேரியில் நல்ல பிள்ளை, புத்தூருக்கு வந்தால் முனகல். இதைக் கொலின்ஸிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, வாங்கித் தந்தவரையே கேட்போம் என்று உமக்கு வீடியோவில் அழைத்தேன். நீர் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தீர். மிசினைச் சுற்றிக் காட்டச் சொன்னீர், காட்டினேன். "பொறுங்கோ அத்தான், பொறுங்கோ… உதை…" என்றீர். படம் அப்படியே நின்றுவிட்டது, உமது வாய் திறந்தபடி. இன்னொரு தடவை "உதை" என்று மட்டும் கேட்டது. லைன் வெட்டுப்பட்டது. கனடாவில் பனி தள்ளுகிற மிசினையே நீர் தனியாகக் கழற்றிப் பூட்டுகிறவர் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். தெரிந்தவர் சொன்னால் கேட்பதுதானே முறை. உதைத்தேன். வெறுங்கால். மிசின் கிணற்றுக் கட்டிலிருந்து கவிழ்ந்து மூடி ஒரு பக்கம் சரிந்தது. தூக்கி முதுகில் போட்டு மருந்து அடித்தால், தவனேசன், பொய் சொல்லவில்லை, நிற்காமல் பூமழை! உமது மூளையை நினைத்து மெச்சினேன். நகத்தில் இரத்தம் வந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சரிந்து கிடந்த மூடியை ஒழுங்காக இறுக்கிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனால் முனகல். ஆகவே இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக உதைத்தேன். அந்த நேரம் பார்த்து உமது அக்கா தேத்தண்ணியோடு வந்தாள்.

"என்ரை தம்பி ஆசையாய்த் தந்ததைக் காலாலையோ உதைக்கிறியள்?"

"உன்ரை தம்பிதான் உதை எண்டவன்."

"என்ரை தம்பி உங்களைப் பாத்து 'உதை' எண்டு சொல்லுவானோ? மரியாதை தெரிஞ்ச பிள்ளை. 'உதையுங்கோ' எண்டெல்லோ சொல்லியிருப்பான்!"

"'யுங்கோ' வரமுந்தி லைன் வெட்டுப்பட்டிட்டுது எண்டு நினைச்சன்."

"அவன் மிசினிலை எதையோ காட்டி உதை எண்டிருக்கிறான். உது, உதை! உங்களுக்கு மிசினும் தெரியாது, தமிழும் தெரியாது."

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதும் சரிபோலத்தான் படுகிறது. ஆனால் எதை என்று எனக்கு எப்படித் தெரியும்? இது, அது என்று இரண்டு போதாதென்று, கேட்கிறவருக்குக் கிட்ட இருப்பதைக் காட்ட நடுவில் ஒரு உதுவையும் வைத்துக்கொண்டு நாங்கள்தான் மாய்கிறோம். இந்தியாப் பக்கத்தில் உதுவை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், அவர்களுக்கு நகம் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் தலையில் பிள்ளையாருக்குப் போட்ட உகரத்தைத் தவிர வேறெந்த உகரத்தையும் இனி நான் நம்புவதாக இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. முன்பு தேத்தண்ணியைக் கையில் தருவாள். இப்போது கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, கிணற்றுக்குச் சொல்வது போல "தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சரி, பழைய கைப்பம்பையே எடுப்போம் என்று பார்த்தால் அதன் தெளிக்கிற குழாயைக் காணவில்லை. ஒளித்துவிட்டாள். நானும் களைத்துப்போனேன், தவனேசன். கோபப்படக்கூடத் தெம்பில்லை. பாத்தியில் நிற்பது அடுத்த போகத்துக்கு விதைக்கு வைக்கிற எங்கள் சொந்த வெங்காயம். கருகல் அடிக்கிழங்குக்கு இறங்கினால் எல்லாம் போய்விடும், பிறகு விதைக்கும் ஊரில் கையேந்தவேண்டும். ஆகையால் தயவுசெய்து அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லும்: அத்தான் பழைய பம்பால் அடிக்கட்டும், எனக்கு அதில் மனவருத்தமில்லை என்று. மிசின் பிறவியிலேயே பிழை. எங்கள் பக்கத்தில் எள்ளளவும் பிழை இல்லை என்பதை இத்தால் திருத்தமாக எழுதி வைக்கிறேன்.

மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசி. பனியில் கவனம். எதையும் உதைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நகம் குறைந்த அத்தான்,
பஞ்சலிங்கம்

பி.கு.: மேலே எழுதியதை வாசித்திருந்தீரானால் மறந்துவிடும். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உமது அக்கா, தம்பியின் மானத்தைக் காப்பாற்றவென்று, சீலைத் தலைப்பை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு மிசினைத் தானே முதுகில் ஏற்றிவிட்டாள். உதைபட்ட மூடி இப்போது திருகுப் புரியில் ஏறுவதில்லை. தாங்கியின் வாய்க்கு ஒரு துணியைக் கட்டியிருக்கிறாள். கடைசிப் பாத்தி வரைக்கும் ஒரு முனகல் இல்லாமல் அடித்து முடித்துவிட்டு வந்து நின்றாள். "என்ரை தம்பியின்ரை மிசினிலை ஒரு பிழையும் இல்லை. பிழை உங்களிலை," என்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு கிணற்றைப் பாராமல் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. பிறகு அந்த மூடியை எடுத்துப் பார்த்தேன். நடுவில், தாங்கிக்குள் காற்றுப் போவதற்கு ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். துளை முழுவதும் சந்தனம், கல்லாய் இறுகி. காற்று உள்ளே போகாவிட்டால் மருந்து எப்படி வெளியே வரும்? அன்று நீர் சொல்ல வந்தது 'உதைத் திறவுங்கோ' என்பதாகத்தான் இருக்க வேண்டும். ஈர்க்கால் குத்தி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு வந்து கையில் தந்தாள். பிறகு மெதுவாக, "பொட்டு நீங்கள்தானே வைச்சனீங்கள்?" என்றாள். ஓம் தவனேசன், பொட்டு வைத்தது நான்தான். மேலே வேறு மாதிரி எழுதியிருந்தால் அது எழுத்துப் பிழை. ரீச்சரின் ஆட்டோ படலையில் நின்று ஹோர்ன் அடிக்கிறது, திருத்த நேரமில்லை. தேத்தண்ணியில் இன்றைக்குச் சீனி அளவாக இருக்கிறது. இனிமேல் அக்காவுக்கு ஏதும் வாங்கித் தருவதாயிருந்தால், துளை இல்லாத சாமானாகப் பார்த்து வாங்கும்.