நூற்றுப் பன்னிரண்டு கோப்புகளின் உரிமையாளர்

கலையுலகம் எத்தனையோ மேதைகளைக் கண்டிருக்கிறது. ஆனால் உரிமைக் குறிப்பை முதலில் எழுதி முடித்துவிட்டு, அதை ஒட்டுவதற்கு ஒரு படைப்பைத் தேடிப் போன மேதை நம் சூப்பரண்டு ஒருவர்தான். இந்த வாக்கியத்தை எழுந்து நின்று படிப்பது நல்லது.

அவர் ஓய்வுபெற்ற ஆவணக் கண்காணிப்பாளர். 'சூப்பரண்டு' என்பது வீட்டார் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டம். அது அவருக்கும் தெரியும், பிடித்தும் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் ஒரு வேலை நாள்கூட அவர் விடுப்பு எடுத்ததில்லை. அதைப் பாராட்டி அலுவலகம் வழங்கிய 'முழு வருகை'ச் சான்றிதழ் கூடத்தில், டிவிக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற மறுமாதம், அலமாரியில் கிடந்த குடும்ப வீடியோ கேசட்டுகளைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றச் செய்தார். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒரு கோப்பின் மேல் மௌஸை வைத்து எதையோ அமுக்கப்போய், 'விவரங்கள்' என்றொரு பக்கம் திறந்துகொண்டது. தலைப்பு, படைப்பாளர், உரிமையாளர், ஆண்டு. எல்லாமே காலி. பூர்த்தி செய்யப்படாத படிவம்! நாலு வாரமாகப் படிவம் காணாத அந்தக் கண்கள் கலங்கிவிட்டன.

நூற்றுப் பன்னிரண்டிலும் படைப்பாளர் தாமே, உரிமையாளரும் தாமே என்று இனிஷியலுடன் நிரப்பினார். அதன் பிறகுதான் 'படைக்க' உட்கார்ந்தார். நூலகத்தில் நடந்த மூன்று நாள் எடிட்டிங் வகுப்புக்குப் போய்வந்தார், அங்கேயும் முழு வருகை. 'இரைச்சல் நீக்கம்' என்ற வசதி அவர் மனதைக் கொள்ளைகொண்டது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ ஓயாமல் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் 'ஐயையோ' போட்டுக்கொண்டும் இருந்ததை ஈவிரக்கமின்றி நீக்கினார். மூலையில் தேதியும் நேரமும் அசிங்கமாக ஓடியதால், அதன் மேல் தம் வட்ட முத்திரையைப் பதித்தார். ஒரு பிறந்தநாள் காட்சியில் கைப்பையோடு வாசலைத் தாண்டிப் போகும் ஒரு முதுகு தெரிந்தது. 'தேவையற்ற நபர்' என்று குறித்து அதையும் வெட்டினார்.

"ஒரே கோப்புக்கு ரெண்டு பிரதி இருந்தா நிர்வாகம் நாறிடும்" என்று மூலக் கோப்புகளை அழித்தார். கேசட்டுகள் பழைய சாமான்காரரோடு போயின.

இதற்கிடையே ஒரு குற்றமும் நிகழ்ந்தது. கடையிலிருந்து கோப்புகளை வாங்கி வந்த மைத்துனர், அதில் ஒன்றைத் தன் போனில் ஸ்டேட்டஸாக வைத்துவிட்டார். சட்டம் தன் கடமையைச் செய்தது. அக்காள் புருஷன் கையெழுத்திட்ட விளக்கம் கோரும் கடிதம் பதிவுத் தபாலில் போயிற்று, மைத்துனர் வீடு அடுத்த தெருவில்தான் என்றாலும். "எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டேன்" என்று மைத்துனரும் எழுதிக் கொடுத்தார்.

இந்த நேரத்தில்தான் மகளின் விஷயம் வந்தது. வேலைக்குப் போன இடத்தில் படியில் தடுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறாள். எழுந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் முட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"முதமுதல்ல நீ நடந்தது என் கண்ணு முன்னாடிதான்டி" என்றாள் மனைவி. "அந்த வீடியோவப் பாரு, தானா தைரியம் வரும். என்னங்க, அதைக் கொஞ்சம் டிவில போடுங்களேன்."

"எந்தக் கோப்பு? எண் என்ன? என்ன நோக்கத்துக்கு?" என்றார் சூப்பரண்டு.

"பொண்ணு நடக்கணும்ங்கற நோக்கத்துக்கு."

"அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

காய்கறிச் சீட்டின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் அதில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படம் ஆரம்பித்தது. முதலில் வட்ட முத்திரை நாற்பது விநாடி சுழன்றது. பிறகு எச்சரிக்கை: அனுமதியின்றி நகல் எடுப்பதும், காட்டுவதும், விவரிப்பதும் குற்றம். பிறகு எழுத்து, இயக்கம், தொகுப்பு, மேற்பார்வை என்று அவர் பெயர் நான்கு முறை வந்தது. கடைசியில் ஒரு குழந்தை சத்தமே இல்லாத ஓர் அறையில், யாருமே இல்லாத திசையைப் பார்த்து நாலடி நடந்தது. பதினோரு விநாடி. முடிந்தது.

"ஏம்ப்பா, அம்மா குரல் எங்கே?" என்றாள் மகள்.

"குரல் இல்லம்மா, இரைச்சல். சுத்தமா எடுத்தாச்சு."

"அம்மா கூப்பிட்டுத்தானேப்பா நான் நடந்தேன்? இதுல பாத்தா பேய் கூப்பிட்ட மாதிரி இல்ல இருக்கு!"

மனைவியின் முகம் வாடிவிட்டது. "பழசாவது இருக்கா?" என்றாள். சூப்பரண்டு தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு கேள்விக்குக் கோப்பு இல்லாமல் நின்றார்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் மைத்துனர் பென்டிரைவோடு வந்துவிட்டார்.

"அழிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்தியேடா!" என்று பதறினார் சூப்பரண்டு.

"எழுதித்தானே குடுத்தேன் அத்தான்?" என்றார் மைத்துனர்.

கள்ளப் பிரதி ஓடியது. அதே அறை, அதே குழந்தை, ஆடிக்கொண்டே இருக்கும் படம். கேமராவுக்குப் பின்னாலிருந்து இளம் குரல் ஒன்று கூடமெங்கும் நிறைந்தது: "வா கண்ணு, அப்படித்தான்... விழுந்தா விழு, அம்மா இங்கதானே இருக்கேன்... எங்கே, இன்னும் ஒரு அடி... ஐயையோ, நடக்குது! என் ராசாத்தி நடக்குது! சாயங்காலம் அப்பா வந்து பாப்பாரு பாரு!"

மகள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். மனைவி எழுந்துபோய் டிவி ஓரமாக நின்று இரண்டு கையையும் நீட்டினாள். "என்னடி பாக்கற? விழுந்தா விழு. அம்மா இங்கதானே இருக்கேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. ஓரடி. இரண்டடி. மூன்றாவதில் ஆடினாள். நாலாவதில் அம்மாவின் தோளைப் பிடித்துவிட்டாள். மைத்துனர் விசிலடித்தார். மூவரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்ததில் நல்ல இரைச்சல்.

சூப்பரண்டு மட்டும் டிவியின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை இல்லாத மூலை. செவ்வாய்க்கிழமை, காலை 11.20. அதற்கு நேர் மேலே முழு வருகைச் சான்றிதழ் பளபளத்தது.

"அன்னிக்கு நான் ஆபீஸ்ல..." என்று இழுத்தார். "எனக்கு நீ காட்டவே இல்லையே?"

"சாயங்காலமே காட்ட வந்தேனே. அப்புறம் பாக்கறேன்னீங்க."

"ஞாயித்துக்கிழமைல எடுத்ததும் இருக்குமே?"

"இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா உங்க ஆபீஸ் நம்ம வீட்டு மாடிக்கு வந்துடுமே. ஒரே ஒரு பொறந்தநாளுக்கு மட்டும் வாசல் வழியாப் போறீங்க. கையில பை. முதுகு தெரியும்."

சூப்பரண்டுக்கு அந்த முதுகு நினைவுக்கு வந்தது. "அதைத் தேவையற்ற நபர்னு நான்தான் வெட்டிட்டேன்" என்றார். நேர்மையான அதிகாரி அல்லவா? கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து 'விவரங்கள்' பக்கத்தைத் திறந்தார். "தவறான பதிவு நடந்துபோச்சு. நூத்திப் பன்னெண்டையும் இப்பவே உன் பேருக்கு மாத்திடறேன்" என்று அறிவித்தார்.

மகளை மெல்ல நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"வேணாங்க, உங்க பேரே இருக்கட்டும். ஆள்தான் எதுலயும் இல்ல, இருந்த ஒரு முதுகையும் நீங்களே வெட்டிட்டீங்க. பேராவது இருக்கட்டும்."