ஈப்போவில் பனிக்காலம் வந்த கதை

மலேசியாவில் பனிக்காலத்தால் நஷ்டப்பட்ட குடும்பம் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது எங்கள் குடும்பம்தான். வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் இருக்கிறார்கள், காற்றில் கூரையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். உறைபனியில் பீங்கான் தொட்டி வெடித்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்தப் பனிக்காலத்தை ஈப்போவுக்கு அழைத்து வந்தவள் நான். (பெருமையில் பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம்.)

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். தையல் வகுப்புக்குப் போன பஸ்ஸில் அந்தோணி கண்டக்டர். மீதிக் கதை உங்களுக்கே தெரியும். அவர் அம்மா, அதாவது என் மாமி, டைப்ரைட்டிங் படித்த டவுன் பெண்ணாகப் பார்த்து வைத்திருந்தார். மகன் போய்ப் பால்மர வாசனையோடு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? மாமா மட்டும், "கட்டிக்கப் போறவன் அவன், நம்ம இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வீட்டில் எனக்கு விழுந்த ஒரே ஓட்டு அதுதான். அதை இழந்துவிடக் கூடாது என்பதில்தான் என் புதுக் குடித்தனமே நின்றது.

மாமா ஒரு ஜப்பான்கார இன்ஜினியருக்கு டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மனிதர் ஊர் திரும்பும்போது தன் போன்சாய் மரத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முழம் உயரம்கூட இல்லாத பைன் மரம். ஆனால் முதுகு வளைந்து, கிளை முறுக்கி, நூறு வயதுக் கிழவர் போல நிற்கும். அது நின்ற தொட்டிதான் விசேஷம். அகலமான, ஆழமில்லாத, கருநீலப் பீங்கான் தொட்டி. மழை வருவதற்கு முன் வானம் இருக்குமே, அந்த நிறம். மாமா காலைத் தேநீரை மரத்தோடுதான் குடிப்பார். தொட்டியை ஈரத்துணியால் துடைப்பார். எதையோ முணுமுணுப்பார்.

"இப்படியே மரத்துகிட்ட பேசிக்கிட்டு இருந்தார்னா, ஒருநாள் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவணும்" என்பார் மாமி. மாமியோடு மாமா பேசுவது அதில் பாதிகூட இருக்காது என்பதுதான் மாமியின் உண்மையான வழக்கு.

கல்யாணமாகி மூன்றாம் மாதம், தஞ்சோங் மாலிமில் இருந்த நாத்தனாருக்குப் பிரசவம். மாமாவும் மாமியும் கிளம்பினார்கள். மரத்தை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தது.

"பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வாங்க. இவகிட்ட விட்டா வெறகா ஒடிச்சு அடுப்புல வச்சிருவா" என்றார் மாமி, நான் பக்கத்தில் நிற்கும்போதே.

"புஷ்பா பாத்துக்குவா" என்றார் மாமா. "ரப்பர் மரத்தோட வளந்த புள்ள. மரத்தப் பத்தி அவளுக்குத் தெரியாததா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. (ரப்பர் மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கத்தியால் கீறினால் பால் வரும் என்பது மட்டும்தான்.) மாமா சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். காலையும் மாலையும் தண்ணீர். மத்தியான வெயில் ஆகாது. கோழி அண்டக் கூடாது.

எல்லாம் செய்தேன். அப்படியும் நான்கைந்து நாளில் ஊசி இலைகள் நுனியில் பழுப்பாகத் தொடங்கின. மாமா திரும்பி வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? மாமி ஊரெல்லாம் என்ன சொல்வார்? தண்ணீரைக் கூட்டினேன். இன்னும் பழுத்தது. செபமாலையைக் கிளையில் மாட்டி வைத்தேன். மரம் மதம் மாறியதே தவிர நிறம் மாறவில்லை.

அப்போதுதான் சுவரில் தொங்கிய ஜப்பான் காலண்டர் கண்ணில் பட்டது. அதுவும் இன்ஜினியர் கொடுத்ததுதான். வருஷம் முடிந்தும் படத்துக்காக மாமா வைத்திருந்தார். அதில் ஒரு பைன் மரம். தலை நிறையப் பனி. பனிக்கு அடியில் என்ன பச்சை! நான் காலண்டரையும் பார்த்தேன், மரத்தையும் பார்த்தேன். விஷயம் விளங்கிவிட்டது. இதற்கு நோயில்லை. ஊர் ஞாபகம்.

சிரிக்காதீர்கள். எனக்கே அப்போது அந்த நோய்தான். விடியற்காலையில் விழிப்பு வந்தால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துச் சத்தத்தைக் காது தேடும். அம்மா ஞாபகம் வந்தால் சமையலறையில் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிடுவேன். (அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் குழம்பில் எப்போதும் வெங்காயம் அதிகம்.) கடல் கடந்து வந்த மரம், அதற்கு எப்படி இருக்கும் என்று உண்மையாகவே கண் கலங்கினேன்.

பனியைப் பற்றி எனக்கு இருந்த அறிவையும் சொல்ல வேண்டும். தோட்டத்துக் கோயிலில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சவுக்குக் கிளையை நட்டு, டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய பஞ்சைப் பிய்த்து அதன்மேல் ஒட்டுவோம். அதுதான் பனி. மெத்தென்று இருக்கும், லேசாக டிஞ்சர் வாசம் அடிக்கும். அது ஒரு பொருளை உடைக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் முறைப்படி அனுமதி கேட்டேன்.

"ஏங்க, மரத்த ஒருநாள் குளிர்ல வைக்கட்டுமா?"

"ம்... வையி, வையி" என்றார். அந்த நேரத்தில் அவரைக் கிணற்றில் போடட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

எங்கள் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் ஒரு மீன் படுக்கலாம், மரம் நிற்க முடியாது. தெருமுனை மளிகைக் கடையில் ஆ லான் அக்கா ஐஸ்கிரீமும் உறைந்த கோழியும் வைத்திருக்கும் பெரிய பெட்டி இருந்தது. ஆ லான் சீனப் பெண், ஆனால் ஒரு தோட்டத்து ஓரம் வளர்ந்தவர். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போய் நின்றதும் எட்டிப் பார்த்தார்.

"என்னலா இது? ஒன் மரத்துக்குக் காய்ச்சலா?"

"ஜப்பான் மரம்க்கா. குளிர் இல்லாம வாடுது. காலையில வரைக்கும் ஒங்க பெட்டியில வச்சுக்கிறீங்களா?"

"அலாமா! மண்ணு கிண்ணு விழுந்துச்சுன்னா என் ஐஸ்கிரீம யாரு வாங்குவா?"

"தொட்டிக்கு பிளாஸ்டிக் சுத்தியிருக்கேன்க்கா. மாமா வர்றதுக்குள்ள பச்சையாயிடும்."

ஆ லான் மரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். மரத்தைவிட நான்தான் வாடியிருந்தேனோ என்னவோ, "சரி, வையி" என்று கோழிகளை ஒதுக்கி இடம் பண்ணினார். நான் விடவில்லை. வெளியூர் போகிற பிள்ளைக்குச் சோறு ஊட்டி அனுப்புவது போல ஒரு குவளைத் தண்ணீரை வாங்கி, மண் குளிரக் குளிர ஊற்றிவிட்டுத்தான் மூடினேன். அந்தத் தண்ணீர்தான் தொட்டிக்கு எமன். எட்டாம் வகுப்பு விஞ்ஞான வாத்தியார் சொன்னாரே, தண்ணீர் உறைந்தால் பெருக்கும் என்று. அன்றைக்கு நான் வாத்தியாரின் புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மரம் முழுக்க வெள்ளை. ஒவ்வொரு ஊசியிலும் பனி. காலண்டர் படம் உயிரோடு எழுந்து வந்துவிட்டது. ஆ லான்கூட, "ஐயோ, லாவா இருக்கே, எவ்ளோ அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தார். தெரு வழியே சாமி ஊர்வலம் போல மெதுவாகத் தூக்கி வந்தேன். மாமி மட்டும் இதைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கினேன்.

பின்வாசல் திட்டில் வைத்து, பிளாஸ்டிக்கைப் பிரித்துவிட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். பனி உருகிச் சொட்டியது. வெயில் ஏற ஏற, 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். மறுபடியும் 'டிக்'. தொட்டியின் நீலப் பூச்சு சில்லு சில்லாகக் கழன்று விழுந்தது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். பிடித்த கைக்குள்ளேயே தொட்டி மூன்று துண்டாக விலகியது. அதுவரை அதை ஒட்ட வைத்திருந்ததே உள்ளே இருந்த ஐஸ்தான். நடுவில், தொட்டியின் வடிவத்திலேயே மண்கட்டி மட்டும் கம்பீரமாக நின்றது. நான் சேற்றுக் கையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டு எழுந்து வந்த என் வீட்டுக்காரர், "யாரு ஒன்ன குளிர்ல வைக்கச் சொன்னா?" என்று கேட்டதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மரத்தை ஒரு பிஸ்கட் டின்னுக்கு மாற்றினோம். துண்டுகளை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிப் பார்த்தேன். காலொடிந்த ஆட்டுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு பூனையைத் தயார் செய்தேன். கறுப்புப் பூனை. சுவரேறிக் குதித்தது, தள்ளிவிட்டது, ஓடிவிட்டது. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு இருவரும் வந்து இறங்கினார்கள். மாமா நேராகப் பின்வாசலுக்குப் போனார். டின்னைப் பார்த்தார். நான் பூனையை அவிழ்த்துவிட்டேன். அதன் வாலின் நீளம் வரைக்கும் சொன்னேன். மாமா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு சாந்தமாக ஒன்று கேட்டார்.

"அந்தப் பூனைக்கு ஐஸ்கிரீம் பெட்டியத் தொறக்கத் தெரியுமா, புஷ்பா?"

வருகிற வழியில் ஆ லான் கடையில் சுருட்டு வாங்க நின்றிருக்கிறார். ஆ லான் அக்கறையோடு விசாரித்திருக்கிறார், "ஒங்க மரத்துக்கு இப்பத் தேவலையா?" என்று.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. மாமா குந்தி உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

"அதுக்கு ஊர் ஞாபகம் வந்துருச்சுன்னு நெனச்சேன், மாமா. ஒரே ஒரு நாளாச்சும் ஊரைப் பாத்த மாதிரி இருக்கட்டுமேன்னு..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மாமா துண்டுகளைக் கீழே வைத்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். "அந்த மனுசன் போறப்போ படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. விண்டர் வந்தா தொட்டிய வெளியில வைக்காதே, பனியில வெடிச்சிரும்னு. மிஸ்டர், இது ஈப்போ, இங்க எங்க விண்டர்னு நான் சிரிச்சேன். ஒனக்கு எல்லாத்தையும் சொன்னேன், அத மட்டும் சொல்லல. இங்க எதுக்குன்னு விட்டுட்டேன்."

சொல்லச் சொல்ல அவருக்கே வாயோரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு ஊர் ஞாபகமா, புஷ்பா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாமாவே என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அம்மாவைப் பார்த்துக் கட்டிக்கொண்டு அழுதேன். மாதம் ஒருமுறை போய் வருவது அதற்குப் பிறகு வீட்டு வழக்கமாகிவிட்டது.

மரம் பிழைக்கவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. காலைத் தேநீரை மாமா மாமியோடு குடிக்க ஆரம்பித்தார். அப்படிக் குடித்த முதல் நாள் மதியமே மாமி மீன் தலையை என் தட்டில் வைத்தார். தொட்டியின் பெரிய துண்டைக் குளியலறையில் வைத்து, தினமும் நிம்மதியாகக் குதிகால் தேய்த்தார். என் இரண்டாவது ஓட்டு அது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் கிளாஸ் உடைந்தாலும், தட்டு உடைந்தாலும், யார் உடைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. "விண்டர் வந்துருச்சு" என்று ஒரு குரல் வரும், எல்லோரும் சிரிப்பார்கள், நான் துடைப்பம் எடுப்பேன். என் பிள்ளைகளும் இப்படித்தான் உடைத்து உடைத்துத் தப்பித்தார்கள்.

சில வருஷம் கழித்து மாமா மழையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் குனிந்து, எப்படி உடைந்தது என்று மலாயில் கேட்டார். வலியில் முகம் சுருங்கிக் கிடந்த மாமா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நல்ல கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"விண்டர்" என்றார்.

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே அடித்த வெயிலை ஒருமுறை பார்த்தார். பிறகு அவசரமாக மாமாவின் தலையில் எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.