புளிப்பு அண்ணனின் எண்ணெயில்லாக் குழம்பு

சிங்கப்பூரில் வெள்ளரிக்காயைப் புளிப்பு அண்ணன் அளவுக்குக் கொடுமைப்படுத்தியவர் வேறு யாருமில்லை. அடித்துச் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசியில், ஜாலான் புசாரில் ஒரு சீனர் நடத்திய இரும்புக் கடையில் நான் டைப்பிஸ்ட், அண்ணன் ஸ்டோர்கீப்பர். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், கையில் வெள்ளரித் துண்டுகளோடும் ஒரு கிண்ணத்தோடும் வந்து நிற்பார்.

“தங்கச்சி, இதுல துளி எண்ணெ இல்ல, சீனி இல்ல. சும்மா தொட்டுப் பாரு லா.”

தொட்டால் தாடை பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் புளித்தண்ணீரில் இஞ்சி, மறுநாள் தயிரில் புதினா, அதற்கடுத்த நாள் வெறும் வினிகர். ஆணி வாங்க வந்த கான்ட்ராக்டரைக்கூட விடமாட்டார். முதலாளி ஒரு வாய் வைத்துவிட்டு, “அலாமாக்! மாசாம் லா!” என்று புளிப்புத் தாங்காமல் கடை வாசல் ஐந்தடி நடைபாதைக்குப் போய்த் துப்பினார். புளிப்பு அண்ணன் என்ற பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

இத்தனைக்கும் காரணம் அவர் மனைவி சரோஜா அக்கா. இருதயத்தில் கோளாறு. உடம்பு இளைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ மலாய்க் கடை கடோ-கடோ என்றால் உயிர். காய்கறிமேல் எண்ணெய் மிதக்க ஊற்றுவார்களே, அந்த நிலக்கடலைக் குழம்பு. அது இல்லாமல் பச்சைக்காய் உள்ளே இறங்காது. “நான் என்ன ஆடா?” என்று தட்டைத் தள்ளிவிடுவாராம். அதே போலக் கெட்டியாக, கொழுப்பில்லாமல் ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் இவர் எங்கள் நாக்குகளைப் பலிகொடுத்தார்.

கடைசியில் ஒரு நாள் கண்டுபிடித்தேவிட்டார். பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, ஆடையெடுத்த தயிரில் கரைத்து, வறுத்த சீரகம், மிளகாய், கொஞ்சம் கஸ்தூரி எலுமிச்சை. நான் விரலை நக்கினேன்.

“பொய் சொல்லாத தங்கச்சி. நல்லாருக்கா?”

“சத்தியமா நல்லாருக்குண்ணே.”

அந்த மனுஷர் ஆணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அக்கா சாப்பிட்டார். இளைத்தார். ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தார். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அந்தத் தேதி வருவதற்குள், ஒரு விடிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். பாவி தெய்வம், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

பதினாறாம் நாள் படையலுக்குப் போனேன். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கமாயிற்றே. அக்காவின் தங்கை கடோ-கடோ வாங்கி வந்து வைத்தாள். அண்ணன் சட்டென்று அதை எடுத்து ஓரமாக வைத்தார்.

“எண்ணெ மிதக்குது. அவளுக்கு ஆகாது.”

“அத்தான், அக்காவுக்கு இனிமே என்ன ஆகப்போவுது? ஆசப்பட்டத வைங்க.”

“ஆபரேஷன் இருக்கேம்மா,” என்றார்.

அவர் அடுப்படிக்குப் போய், தாம் செய்து வைத்திருந்த பரங்கிக்காய்க் குழம்பை எடுத்து வந்து, இலையிலிருந்த வெள்ளரித் துண்டுகள்மேல் நிதானமாக ஊற்றினார்.

படைத்து முடிந்து பந்தி போட்டார்கள். “அண்ணே, எனக்கும் அதுல ஊத்துங்க,” என்றேன். ஊற்றினார். உப்புப் போட மறந்திருந்தார். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.